நுனியைக் கிள்ளிய ஓட்டக்காரர்

‘முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்’ என்பார்கள் பாட்டிமார்கள். சுரக்குடியில் கேட்டாலும் பெரியகுளத்தில் கேட்டாலும் இதே பழமொழிதான். ஒடித்தால் மரம் வாடத்தானே வேண்டும்? கிளை கிளையாக வெடிக்கிறதே, ஏன்?

1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஸ்வீடனுக்காக 1,500 மீட்டர் ஓடினார் ஃபோல்கே ஸ்கூக். பதக்கம் இல்லை. மறுவருடம், கலிஃபோர்னியாவில் கென்னத் திமானுடன் சேர்ந்து ஓர் அவரை வகைச் செடியின் நுனியைக் கிள்ளினார். பக்க மொட்டுகள் விழித்துக்கொண்டன. இது எந்தத் தோட்டக்காரருக்கும் தெரிந்ததுதான். ஆனால், கிள்ளிய இடத்தில் ‘ஆக்ஸின்’ என்ற ஹார்மோனை வைத்துப் பார்த்தார்கள். மொட்டுகள் மறுபடி கப்சிப்!

ஆக, நுனி மொட்டு ஒரு கண்டிப்பான மூத்த அண்ணன். அது அனுப்பும் ஆக்ஸின் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் வரை தம்பிகள் தலையெடுக்க முடியாது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. 1955-ல் ஸ்கூக், கார்லோஸ் மில்லர் குழுவினர் ஹெர்ரிங் மீனின் விந்தணு டி.என்.ஏ-விலிருந்து ‘கைனெட்டின்’ என்ற பொருளைப் பிரித்தார்கள். அது சேர்ந்த சைட்டோகைனின் குடும்பம், தூங்கும் மொட்டை எழுப்பிவிடும். நம் இளநீரிலும் இந்தக் குடும்பத்து ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, விவசாயிக்கு என்ன லாபம்? ஆப்பிள் கன்று ஒற்றைக் குச்சியாக நெடுநெடுவென்று வளர்ந்தால், கிளை பிரிந்து காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்கணும். நுனியை வெட்டினாலோ, வளர்ந்த உயரம் போச்சு. அதனால் பென்ஸைல் அடினைனை ஜிப்ரெல்லினோடு கலந்து தெளிக்கிறார்கள். கத்தரி படாமலே கிளை! ஆனால் அளவு, நேரம், ரகம், இதில் எது பிசகினாலும் காசு தண்டம்.

கதை இன்னும் இருக்கிறது. 2008-ல் பட்டாணியை வைத்து பிரெஞ்சுக்காரர்களும், நெல்லை வைத்து ஜப்பானியர்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரே சமயத்தில் அறிவித்தார்கள்: கிளையைத் தடுக்க ‘ஸ்ட்ரைகோலாக்டோன்’ என்று இன்னொரு ஹார்மோனும் உண்டு! 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்கால் பக்கத்து வயல்களில் நெல் எத்தனை தூர் கட்டும் என்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

முருங்கைக்கு இத்தனை வம்பு வேண்டாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடி முக்கால் மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். மருந்துச் செலவு பூஜ்யம், நகம் போதும்.

பாட்டியின் பழமொழியில் முதல் பாதி சோதனைச்சாலையில் பாஸாகிவிட்டது. இரண்டாவது பாதி வெறும் எதுகைக்காக வந்தது. பிள்ளையை விட்டுவிடுங்கள்!