தகடூர்ச் சில்லுகள் – 9: இத்தாலிக் குயவனின் முத்திரை

போன வாரம் ஒரு பானை ஓட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிறுத்தினேன். செங்காவிப் பூச்சு, அதில் வெண்களிமண் குழம்பால் இழுத்த கோடுகள். பளபளப்பு கிடையாது. கோடு தொடங்கும் இடத்தில் தடிப்பு, முடியும் இடத்தில் மெலிவு. தொல்லியல்காரர்கள் ‘ரசெட் பூச்சு வண்ணப் பானை’ என்பார்கள். தருமபுரியிலிருந்து, அதாவது பழைய தகடூரிலிருந்து, கொங்குச் சீமை வரை பழைய ஊர்மேடுகளில் கிடைக்கிற சரக்கு. தகடூரை ஆண்ட அதியமானுக்கு முந்தியதா, பிந்தியதா? குயவர் ஆண்டு எழுதி வைக்கவில்லையே!

அதற்குச் சாட்சி சொல்ல வந்தது இத்தாலியிலிருந்து ஒரு தட்டு.

1944. இந்தியத் தொல்லியல் துறைக்குப் புதிதாகத் தலைமையேற்றிருந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறக்கிறார். உள்ளே ஒரு ஜாடியின் நீண்ட கழுத்தும் கைப்பிடியும். ரோமானியர் திராட்சை மது ஏற்றி அனுப்பிய ஆம்போரா! கிடைத்த இடம் அரிக்கமேடு என்றார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரை. அன்றைக்கு அது பிரெஞ்சுக்காரர் மண்.

வீலர் புதுச்சேரிக்கு ஓடினார். அங்கே நூலகத்தில் வைத்திருந்த சில்லுகளுக்கு நடுவே சிவந்து மின்னும் சில துண்டுகள். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பட்டறைச் சரக்கு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு.

    நம் குயவரைப் போல அரெஸ்ஸோக்காரன் கோடு தீட்டவில்லை, முத்திரை குத்தினான். தட்டின் நடுவில் பட்டறைக்காரன் பெயர். 1945இல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். விபி, கமூரி, இட்டா என்ற முத்திரைகளை அரிக்கமேடு தந்தது.

பெயர் கிடைத்தால் காலமும் கிடைத்த மாதிரி. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலேயே அரெஸ்ஸோ தட்டுகளின் ஏற்றுமதி ஓய்ந்துவிட்டது. அரிக்கமேட்டில் அவற்றோடு இன்னொரு வகைத் தட்டும் கிடந்தது. உட்புறத்தில் வட்டம் வட்டமாகப் பொடிக் கீறல்கள் ஓடும் ‘ரௌலெட்டட்’ தட்டு. முத்திரையின் காலத்தை வீலர் இதற்கும் கொடுத்தார்.

1947இல் அவர் கர்நாடகத்துச் சித்ரதுர்கா பக்கம் பிரம்மகிரியைத் தோண்டினார். அங்கே இத்தாலித் தட்டு இல்லை, ரௌலெட்டட் இருந்தது. கூடவே, செங்காவியில் வெண்கோடு போட்ட பானைகள்! நம் கையில் இருக்கிற அதே வகை. ஆக, அரெஸ்ஸோவில் குத்திய முத்திரை அரிக்கமேட்டில் இறங்கி, பிரம்மகிரி வழியாகத் தகடூர்ப் பானைக்கும் காலம் குறித்துவிட்டது: கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி.

வீலரின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. இத்தாலித் தட்டு வந்து சேர்ந்த காலம் நம் குயவர் சக்கரம் சுழற்றத் தொடங்கிய காலம் ஆகிவிடுமா? விருந்தாளி வந்த நாளிலா வீடு கட்டினார்கள்? தொல்லியல் ஆய்வாளர் விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மறுபடி தோண்டினார். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, ரௌலெட்டட் தட்டும் கி.மு.விலேயே தொடங்கிவிட்டது என்று வாதாடினார். வீலர் பிடித்த நூலின் நடுமுடிச்சு அவிழ்ந்தது. அப்படியானால் தகடூர்ப் பானையின் வயதும் மேலே ஏறலாம்.

எவ்வளவு மேலே? பானையை விட்டு இரும்பைக் கேட்க வேண்டும். 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்து, இன்று கிருஷ்ணகிரியில் இருக்கிற மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் தோண்டியது. இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் மாதிரிகள் காலம் கணிக்க அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து ஓர் ஆண்டை அறிவித்தார். தமிழகத்தில் இரும்பு எப்போது வந்தது என்று அதுவரை பாடப்புத்தகம் சொன்ன கணக்கு அந்த ஆண்டில் உடைந்தது.

அந்த ஆண்டு எது? அடுத்த இதழில் சொல்கிறேன்.

(தொடரும்)