இரைப்பைப் பட்டை அறுவையும் எடைக் குறைப்பின் நெடுங்கால வரலாறும்

இரைப்பைப் பட்டை என்பது இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பூட்டப்படும் சிலிகோன் வளையம் ஆகும். மருத்துவர்கள் இதனை கேஸ்ட்ரிக் பேண்ட் என்பர். வளையத்துக்கு மேலே ஓரிரு மேசைக்கரண்டி உணவு கொள்ளும் அளவுக்கே இடம் இருக்கும். அது நிறைந்ததும் பசி அடங்கிவிடும். இம்முறையில் இரைப்பை வெட்டப்படுவதில்லை, குடல் மாற்றித் தைக்கப்படுவதில்லை. வேண்டாமெனில் வளையத்தைக் கழற்றிவிடவும் முடியும். இந்த எளிமைக்காகவே 1990களில் உலகெங்கும் பரவிய இவ்வறுவை, 2010க்குப் பின் வேகமாக வழக்கொழிந்தது. அதன் எழுச்சிக்குக் காரணம் முதல் ஓரிரு ஆண்டுகளின் எடைக் கணக்கு. வீழ்ச்சிக்குக் காரணம் பத்தாம், பதினைந்தாம் ஆண்டுகளின் கணக்கு.

முன்னோடிகள்

பிரெஞ்சு நிர்வாகம் காரைக்காலை விட்டு நீங்கிய 1954ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன் என்பவரும் அவருடைய குழுவினரும் உடல் எடையைக் குறைக்கக் குடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து இணைக்கும் அறுவையைப் பற்றி எழுதினர். எடை குறைந்தது; கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் சேதம் ஆகியவையும் வந்தன. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1966இல் அயோவாவின் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கினார். அது பலன் தந்தது, ஆனால் வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை.

வெட்டாமல் வெறுமனே கட்டினால் போதாதா என்ற எண்ணம் 1970களின் இறுதியில் எழுந்தது. முதலில் கட்டப்பட்ட வலைப் பட்டைகளை இறுக்கவோ தளர்த்தவோ வழியில்லை. 1980களின் நடுவில் சுவீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் ஆகியோரும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உக்ரைனியரான லுபோமிர் குஸ்மாக்கும் தனித்தனியே இதற்குத் தீர்வு கண்டனர். பட்டையின் உட்புறம் பலூன் போன்ற ஒரு பை. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். அக்குழாயின் முனையில் தோலுக்கு அடியில் பதிக்கப்பட்ட சிறு அறை. ஊசி வழியாக உப்பு நீரைச் செலுத்தினால் பட்டை இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிப்பதை நினைத்துக்கொண்டால் இதன் இயக்கம் விளங்கும்.

1993 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஹுய் நகரில், எத்தியோப்பியாவில் பிறந்த மிதிகு பெலாச்சு இதனை முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி மூலம், சிறு துளைகள் வழியே பொருத்தினார். நோயாளி ஓரிரு நாளில் வீடு திரும்பலாம் என்றானதும் பட்டையின் பொற்காலம் தொடங்கியது. 2001 ஜூனில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இந்தியப் பெருநகர மருத்துவமனைகளிலும் 2000களில் பட்டைகள் பொருத்தப்பட்டன.

கணக்கு சொல்லும் கதை

எடை இழப்பை மருத்துவ நூல்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. இதனைப் புரிந்துகொள்ளாமல் விளம்பரங்களைப் படிப்பவர் ஏமாறுவது உறுதி. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 110 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். உடல் நிறைச் சுட்டெண் 25 என்று வைத்தால் அவருக்குரிய எடை 64 கிலோ. மிகை எடை 46 கிலோ. அவர் 23 கிலோ குறைந்தால் மிகை எடையில் 50 விழுக்காடு போனதாகச் சொல்லலாம். மொத்த எடையில் 21 விழுக்காடு போனதாகவும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. விளம்பரம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெடுங்காலக் கணக்கில் சுவீடனின் ஆய்வு தலையாயது. 1987 முதல் 2001 வரை அறுவை செய்துகொண்ட 2,010 பேரும், செய்துகொள்ளாத 2,037 பேரும் அதில் சேர்க்கப்பட்டனர். பட்டை போட்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் மொத்த எடையில் சுமார் 20 விழுக்காடு இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 14 ஆகவும், பதினைந்தாம் ஆண்டில் 13 ஆகவும் இருந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் பதினைந்தாம் ஆண்டிலும் 27 விழுக்காடு இழப்பு நிலைத்தது. மேலே சொன்ன 110 கிலோ மனிதருக்கு இதைப் பொருத்தினால், பட்டையால் நிலைப்பது 14 கிலோ, பைபாஸால் நிலைப்பது ஏறக்குறைய 30 கிலோ. ஆயினும் 14 கிலோவை அற்பமென்று தள்ளிவிடக் கூடாது. அறுவை இல்லாமல் இருந்தவர்களின் எடை அத்தனை ஆண்டுகளிலும் 2 விழுக்காடு கூட மாறவில்லை. அறுவை செய்துகொண்டோர் குழுவை மொத்தமாகப் பார்த்தால் இறப்பும் குறைவாகவே இருந்தது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பால் ஓ'பிரையன் குழுவினர் 2013இல் வெளியிட்ட 15 ஆண்டுக் கணக்கு இதைவிட நம்பிக்கை தருவது. 3,227 நோயாளிகளைக் கொண்ட அத்தொகுப்பில் மிகை எடையில் 47 விழுக்காட்டு இழப்பு நிலைத்திருந்தது. ஆனால் அவர்களுள் 43 விழுக்காட்டினருக்குத் திருத்த அறுவை தேவைப்பட்டது. 2011இல் பிரசல்ஸிலிருந்து வந்த அறிக்கை இன்னும் கசப்பானது: பன்னிரண்டு ஆண்டுகள் கடந்து பரிசோதிக்கப்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பட்டை கழற்றப்பட்டிருந்தது. சிலரிடம் பட்டை நழுவியிருந்தது. சிலரிடம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளேயே போயிருந்தது.

மெல்பர்னுக்கும் பிரசல்ஸுக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? அறுவை நுட்பம் ஒரு காரணம். மற்றொன்று, அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு. 2004இல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், முதலாண்டில் அடிக்கடி மருத்துவரிடம் வந்த பட்டை நோயாளிகளே கூடுதல் எடை இழந்தனர். பைபாஸ் நோயாளிகளிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. பைபாஸ் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை. பட்டையோ தொடர்ந்து சரிபார்க்க வேண்டியது. முதலாண்டில் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை அளவு பார்த்து, உப்பு நீரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கூடினால் வாந்தி, குறைந்தால் பழைய பசி.

காரைக்கால்மேட்டிலிருந்து பார்த்தால்

வரலாற்றில் காரைக்கால் என்றதும் நினைவுக்கு வருபவர், உடலின் சதையை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் கூறும் காரைக்கால் அம்மையார். இன்றைய நிலை வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பெண்களில் 10 பேருக்கு 4 பேருக்கு மேல் மிகை எடை உடையோர்.

கடலோர மீனவ ஊரான காரைக்கால்மேட்டைச் சேர்ந்த ஒருவர் பட்டை போட்டுக்கொண்டதாகக் கொண்டால் இதன் சிக்கல் புலப்படும். புதுச்சேரி சுமார் 130 கி.மீ. தொலைவு, சென்னை அதைப்போல் இருமடங்குக்கு மேல். ஒவ்வொரு முறை அளவு பார்க்கவும் தொழிலுக்குப் போகும் நாளொன்று போகும், துணைக்கு வருபவரின் நாளும் போகும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேண்டுமானால் ஓய்வு கிடைக்கும். பட்டை அதுவரை காத்திருக்காது. 2016 முதல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி காரைக்காலிலேயே இயங்குவது பொதுவான மருத்துவத்துக்குப் பெரிய ஆறுதல். ஆயினும் அருகிப்போன ஒரு கருவியைக் கையாளத் தெரிந்தவர் எங்கும் குறைந்துகொண்டே வருகின்றனர்.

உணவிலும் ஒரு முரண் உண்டு. பட்டை போட்டவருக்கு வெந்த மீன் எளிதில் இறங்கும். அன்றாடச் சோறும், ரொட்டியும், நார் நாரான இறைச்சியும் சிக்கிக்கொள்ளும். பாயசம், ஐஸ்கிரீம், குளிர்பானம் முதலியவை எந்தத் தடையுமின்றி வழுக்கிச் செல்லும். சோறு இறங்காதவர் இவற்றின் பக்கம் சாய்வதே பலருக்கு எடை திரும்பியதற்கு ஒரு காரணம். இதை மனவுறுதிக் குறைவு என்று ஏசுவது நியாயமன்று. வளையம் திடப்பொருளை மட்டுமே தடுக்கும் வகையில் அமைந்தது.

பட்டைக்குப் பின்

அமெரிக்காவில் 2011இல் எடைக் குறைப்பு அறுவைகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டையாக இருந்தது; அடுத்த சில ஆண்டுகளிலேயே ஓரிரு விழுக்காடாகச் சுருங்கியது. இரைப்பையைக் குழாய்போல் குறைக்கும் ஸ்லீவ் அறுவை அவ்விடத்தைப் பிடித்தது. இந்தியாவிலும் இன்று ஸ்லீவும் பைபாஸுமே பெரும்பான்மை. அவையும் ஆபத்தற்றவை அல்ல. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவையின்போது இறந்ததும், தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும் செய்தியாயின. 2025இல் செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளூடைடை நிறுத்தியவர்களிடம் ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. நீரை உறிஞ்சித் தளர்த்திய பட்டையிலும் இதுவே நடந்தது.

முன்னர் பொருத்திய பட்டையோடு வாழ்வோர் இன்றும் உள்ளனர். தொடர் வாந்தியோ, தண்ணீர்கூட இறங்காத நிலையோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரை உறிஞ்சிப் பட்டையைத் தளர்த்துவது அங்கே முதல் உதவியாக அமையும். வாந்தி நீடித்தால் பி1 உயிர்ச்சத்துக் குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம். தோலுக்கடியில் உள்ள அறையைச் சுற்றிப் பல ஆண்டுகளுக்குப் பின் சீழ் பிடித்தால், பட்டை உள்ளே அரித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்களுக்குப் பட்டையைத் தளர்த்துவது வழக்கம். பட்டையின் வகை, அதிலுள்ள நீரின் அளவு, கடைசியாக அளவு மாற்றிய தேதி ஆகிய மூன்றும் எழுதிய சீட்டு நோயாளியின் கையில் இருந்தால், பட்டையையே பார்த்திராத இளம் மருத்துவருக்கும் வழி தெரியும்.