பால்மரக் காட்டில் நடந்த கால்கள் அடுக்குமாடியில் முடங்கலாமா?

"அந்தக் காலத்திலேயே உழைத்த உடம்பு, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?" தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்களிடம் நடைப்பயிற்சி என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சுமார் 500 மரங்களை வெட்டி, மீண்டும் அதே மரங்களைச் சுற்றிப் பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைத் தூக்கி ஸ்டோர் வரை நடந்தவர்கள் அவர்கள். நடப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருந்ததில்லை.

ஆனால் அந்த உழைப்பு ஊழியர் சேமநிதிப் பணம்போல் உடம்பில் சேர்ந்து கிடப்பதில்லை. நடமாட்டம் நின்ற சில வாரங்களிலேயே மூச்சுத் தாங்கும் திறன் குறையத் தொடங்கிவிடுகிறது. வயதோடு தசையும் கரைகிறது. தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் கடுமையானது. மின்தூக்கி பழுதானால் கீழே இறங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். கடைக்கு மகன் காரில் போய் வருகிறார். சாப்பாட்டின் அளவு மட்டும் பால் வெட்டிய காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.

விளைவு தெரிந்ததுதான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. அதன் பிறகு வாழப்போகும் ஆண்டுகளைச் சொந்தக் காலில் வாழ்வதா, பிறர் கையைப் பிடித்து வாழ்வதா என்பது இந்தப் பழக்கத்தையும் பொறுத்திருக்கிறது.

எவ்வளவு நடக்க வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் தேவை என்கிறது. நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே 150 நிமிடம் வந்துவிடும். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில்லை. காலையில் 15 நிமிடம், பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது 15 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். வேகத்தை அறிய கருவி வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம்.

அதே வழிகாட்டியில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாளாவது உடலின் சமநிலையைக் காக்கும் பயிற்சியும் தேவை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போன்றவை போதும். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்த பெரியவரைப் பராமரித்த குடும்பங்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை வரை, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ரதத்தோடு நடந்து, 272 படியும் ஏறிவிட்டு வரும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மற்ற 364 நாளும் உட்கார்ந்திருந்துவிட்டு அந்த ஒரு நாள் மட்டும் நடப்பதுதான் மூட்டையும் இதயத்தையும் சோதிக்கிறது. இரண்டு மாதத்திற்கு முன்பே சிறுகச் சிறுகத் தூரத்தைக் கூட்டிப் பழகினால், தைப்பூசமே ஒரு நல்ல இலக்காகிவிடும்.

நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தை மறக்கக்கூடாது. உணர்ச்சி மங்கிய காலில் கல் குத்தினாலும் தெரியாது. சிலிப்பரோடு நடந்து, கொப்புளம் புண்ணாகி, விரலை இழந்த கதைகளுக்கு நம் சமூகத்தில் பஞ்சமில்லை. விரல் நெருங்காத சப்பாத்து, பருத்திக் காலுறை, வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது ஆகிய மூன்றையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இன்சுலினோ, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு அதன் அறிகுறிகள். சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும். எந்த நேரத்தில் நடப்பது என்பதைச் சுகாதாரக் கிளினிக்கில் அடுத்த முறை மருந்து வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். நெஞ்சு இறுக்கமோ கையில் பரவும் வலியோ வந்தால் உடனே நின்று 999க்கு அழைக்க வேண்டும். நடை முடிந்ததும் மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் என்றால், நடந்ததன் பலன் அங்கேயே கரைந்துவிடும்.

முழங்கால் வலியால் நடக்கத் தயங்குபவர்களுக்குச் சைக்கிள் நல்ல மாற்று. உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் மூட்டுக்குச் சுமை குறைவு. பால் டின்னைக் கட்டிச் செம்மண் சாலையில் ஓட்டியவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஆனால் இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி வலி கூடும். மிதி கீழே இருக்கும்போது கால் சற்றே மடங்கியிருக்கும் உயரம் சரி. தலைக்கவசமும் பின்விளக்கும் கட்டாயம் வேண்டும். ஓட்டத்தைப் பொறுத்தவரை, சில மாதம் தடையின்றி நடந்து பழகியவர்கள், மருத்துவர் ஒப்புதலோடு ஒரு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை என்று மாற்றி மாற்றித் தொடங்கலாம். ஓடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி.சரவணன் மலேசியாவுக்குத் தங்கம் வென்று தந்ததே 50 கிலோமீட்டர் நடைப் பந்தயத்தில்தான்.

இடத்திற்குப் பெரிய குறையில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் நிழல்தரும் தைப்பிங் ஏரிப் பூங்கா, ஈப்போவில் டி.ஆர்.சீனிவாசகம் பெயர் தாங்கிய பூங்கா, தலைநகரில் தித்திவங்சா ஏரி எனப் பல ஊர்களில் சமதளப் பாதை உண்டு. கோலாலம்பூரின் மையத்தில் ஞாயிறு காலையில் வாகனங்களுக்கு மூடப்படும் சாலைகளில் குடும்பத்தோடு நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். தனியே போகத் தயங்கும் பெண்கள், சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களில் துணை தேடிக்கொள்ளலாம். கோயிலில் சந்திக்கும் நால்வர் சேர்ந்தாலும் போதும்.

தாமான் சாலையில் நடப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே கிளம்பிவிடுவதுதான் ஆபத்து. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்பக்கம் நடக்க வேண்டும். வெள்ளைச் சட்டை அணிந்து, கையில் டார்ச் விளக்கும் அடையாள அட்டையும் வைத்துக்கொள்வது நல்லது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே போக வேண்டாம். அன்றைக்கு வீட்டுக் கூடத்திலேயே வானொலிப் பாட்டுக்கு இருபது நிமிடம் கால் மாற்றி நடந்தாலும் கணக்கில் சேரும்.