இடிக்கிறதுக்கு முன்னாடி படி எடு: திருமழபாடியின் ஆயிரம் வருஷ பேக்அப்

இந்த எபிசோடை எங்க ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குறேன். அரியலூர் மாவட்டம், திருமானூர். தஞ்சாவூரிலிருந்து அரியலூர் போற பஸ்ஸில் கொள்ளிடம் பாலம் தாண்டினதும் வர்ற ஊர். அங்கிருந்து ஆற்றின் வடகரையோடு மேற்கே போனால் திருமழபாடி. பங்குனியில் நந்தி கல்யாணம் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வர்ற அதே வைத்தியநாத சுவாமி கோயில்தான்.

நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேரில். டேட்டா மைக்ரேஷன், பேக்அப், இதெல்லாம் எனக்குத் தினமும் சோறு போடுற வார்த்தைகள். பழைய சர்வரை நிறுத்தணும், அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் காப்பி எடுக்கணும், புது சர்வரில் ஏற்றணும், சரியா வந்திருக்கான்னு பார்க்கணும். இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வேலைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். திருமழபாடிக் கல்வெட்டைப் பற்றிப் படிச்ச பிறகுதான் அந்த நினைப்பு மாறுச்சு.

விஷயம் இதுதான். முதலாம் ராஜராஜன் ஆட்சியின் கடைசி வருஷங்களில் இந்தக் கோயிலின் விமானத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டணும்னு முடிவாகிறது. பழைய சுவர் முழுக்கக் கல்வெட்டு. அதனால் ராஜராஜன் ஆணையிலேயே ஒரு நிபந்தனை வருகிறது: இடிப்பதற்கு முன்பு சுவரில் இருக்கிற கல்வெட்டுகளை எல்லாம் ஒரு புத்தகத்தில் படி எடுக்க வேண்டும். அந்தக் காலத்துப் புத்தகம் என்றால் ஓலைதான். கோயில் புதிதாக எழும்பிய பிறகு, மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026 வாக்கில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். இந்தக் கதை நமக்கு எப்படித் தெரியும்? அதையும் கல்வெட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசிச்சுப் பாருங்க. ராஜராஜன் காலம் 1014இல் முடிகிறது. அப்படின்னா ஏறக்குறைய 12 வருஷம் அந்தத் தகவல்கள் ஓலையில் மட்டும் இருந்திருக்கலாம். பழைய சுவர் கிடையாது, புதுச் சுவரில் இன்னும் ஏறவில்லை. ஆணை போட்ட ராஜாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடைவெளியில் ஓலை செல்லரித்திருந்தால், தீப்பிடித்திருந்தால், கதை அதோடு முடிந்திருக்கும். யாரோ அதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த ஆளிடம் கை மாற்றியிருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனா இந்தக் கதையில் எனக்கு ராஜாவைவிட அவர்தான் முக்கியம்.

ஏன் இவ்வளவு அக்கறை? கல்வெட்டு என்பது அன்றைக்கு அலங்காரம் இல்லை, பத்திரம். இந்த நிலம் கோயிலுக்கு, இந்த விளக்கு எரிய இவர் பொறுப்பு என்று எழுதியிருக்கும். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஒரு பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடு! ஆடு சாகாமல் இருக்குமா? செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்துவிடும், எண்ணிக்கை குறையக் கூடாது, விளக்கு நிற்கக் கூடாது. அதான் கணக்கு. ஹார்ட் டிஸ்க் விஷயத்திலும் இதுதான் கணக்கு. எந்த டிஸ்கும் சாகாமல் இருக்காது. மந்தை குறையாமல் பார்த்துக்கிற ஆள் இருக்கணும்.

திருமழபாடியில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒரு கல்வெட்டில் ஆட்சியாண்டு இல்லை என்றால், எழுத்தின் வடிவத்தை வைத்து ஆய்வாளர்கள் காலத்தைக் கணிப்பார்கள். ஆனால் திரும்ப வெட்டிய கல்வெட்டில் செய்தி பழையது, எழுத்து புதியது. ‘இது படி’ என்ற குறிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால், பின்னாடி வர்றவங்க குழம்பிப் போயிருப்பாங்க. தரவைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அது எங்கிருந்து வந்தது, எப்போது காப்பி ஆனது என்பதையும் சேர்த்துக் காப்பாற்றணும். இதைத்தான் நாங்க மெட்டாடேட்டா என்று சொல்றோம்.

அதோடு கதை நிற்கவில்லை. 1880களின் பிற்பகுதியில் ஹுல்ஷ் தலைமையில் மதராஸ் மாகாணத்தில் கல்வெட்டுப் படி எடுக்கும் வேலை அரசு வேலையாகவே தொடங்கியது. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால், கறுப்புக் காகிதத்தில் வெள்ளை எழுத்து வரும். அதுதான் மைப்படி. திருமழபாடிக் கல்வெட்டுகளை 1895இல் இப்படிப் படி எடுத்தார்கள். வாசகங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் ஐந்தாம் தொகுதியில் அச்சாயின. ஆக, கல், ஓலை, திரும்பவும் கல், காகிதம், அச்சு. இது ஐந்தாவது பிறவி.

மைப்படிகளுக்கும் ஒரு பாடு இருந்தது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு அலுவலகம் ஊட்டியில் இருந்தது. 1966இல் மைசூருக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளும் கூடவே போயின. அவை அங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்வி பல வருஷம் ஓடி, கடைசியில் வழக்கானது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்றச் சொன்னது. அதன் பிறகு படிகள் சென்னைக்கு வர ஆரம்பித்தன; டிஜிட்டல் ஆக்கும் வேலையும் தொடங்கியது. அதில் முக்கியமான காரணம் ஒன்று உண்டு: படி எடுத்த பல சுவர்கள் இன்று அப்படியே இல்லை. திருப்பணி என்ற பேரில் மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிய கோயில்கள் எத்தனையோ. அங்கெல்லாம் காகிதம்தான் இப்போது மூலம்.

சரி, டிஜிட்டல் ஆகிவிட்டால் கவலை தீர்ந்ததா? இங்கிலாந்தில் 1086இல் நாடு முழுக்க நில விவரம் எடுத்து எழுதிய டூம்ஸ்டே புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. நம்ம திருமழபாடிக்கு 60 வருஷம் இளையது. அதன் 900ஆம் ஆண்டுக்காக 1986இல் பிபிசி அதே மாதிரி ஒரு புதுக் கணக்கெடுப்பு நடத்தி லேசர் டிஸ்கில் வெளியிட்டது. 15 வருஷத்துக்குள் அந்த டிஸ்கைப் படிக்கிற கருவியே அரிதாகிவிட்டது. தனியாக ஆராய்ச்சித் திட்டம் போட்டுத்தான் மீட்டார்கள். 1086இன் தோல் புத்தகத்தை இன்றைக்கும் திறந்து படிக்கலாம்.

இதற்கு நேர் எதிரான கதை ஐராவதம் மகாதேவனுடையது. ஐஏஎஸ் அதிகாரி. சிந்துவெளி எழுத்தில் இறங்கியவர், செய்த முக்கியமான வேலை தரவைச் சேர்ப்பது. 417 குறியீடுகளுக்கு எண் கொடுத்தார். ஒவ்வொரு முத்திரையும் எந்த ஊரில் கிடைத்தது, எந்த வகைப் பொருள், எந்தப் பக்கம் எழுத்து என்று குறித்தார். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினியில் ஏற்றி வரிசைப்படுத்தி, 1977இல் தொல்லியல் துறை வழியாகப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

அன்றைய கணினிகள் எல்லாம் எப்போதோ பழைய இரும்பு ஆகிவிட்டன. ஆனால் 2009இல் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ் குழுவினர், சிந்துவெளிக் குறியீடுகள் ஒரு மொழியின் ஒழுங்கில் வருகின்றனவா என்று கணக்குப் போட்டு ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை எழுதியபோது, கையில் எடுத்தது இந்தத் தரவைத்தான். மகாதேவனும் அதில் ஓர் ஆசிரியர். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளி ஆய்வு மையம் உருவாக அவர்தான் காரணம். 2018இல் அவர் காலமானார். தரவு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது எளிய எண்களாக இருந்தது, அச்சில் ஒரு நகல் இருந்தது, பார்த்துக்கொள்ள ஓர் இடமும் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

இப்போ என் கதை. காலேஜ் படிக்கும்போது நானும் இரண்டு நண்பர்களும் இந்தப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்துக் கோயிலில் கல்வெட்டுகளைப் படம் எடுத்தோம். 200க்கு மேல் படங்கள். அடுத்த வருஷம் கோயிலில் வேலை நடந்தது. ஒரு பக்கச் சுவரே மாறிப்போனது. போன வருஷம் ஆய்வு மாணவி ஒருவர் விசாரித்து வந்தார். “அண்ணா, உங்ககிட்ட பழைய படம் இருக்காமே?” ரொம்பப் பெருமையாக ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். படங்கள் பத்திரமாக இருந்தன. ‘நியூ ஃபோல்டர் 2’ என்று ஒரு ஃபோல்டர், உள்ளே கேமரா கொடுத்த எண்கள். “இது எந்தச் சுவருங்கண்ணா? இதுக்கு அடுத்த துண்டு எது?” எனக்குத் தெரியவில்லை. தேதிகூடக் கேமராவில் தப்பாக இருந்தது. அவர் பாதிப் படங்களை மட்டும்தான் பயன்படுத்த முடிந்தது.

மாசாமாசம் கம்பெனி டேட்டாவுக்கு பேக்அப் ரிப்போர்ட் அனுப்புற ஆள் நான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்ப் பக்கத்தில் ஓலையோடு இருந்த அந்த மனுஷன் செஞ்சதில் பாதியைக்கூட நான் செய்யலை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்க ஊர்க் கோயிலில் திருப்பணி வரப்போகுதுன்னு தெரிஞ்சா, முன்கூட்டியே சொல்லிட்டுப் போய்ப் படம் எடுங்க. முதல் படம் கோயில் முழுசும், அடுத்தது சுவர் முழுசும், அதுக்கப்புறம் இடமிருந்து வலமாக எழுத்து. ஊர், சுவரின் திசை, தேதி, எடுத்தவர் பெயர், நாலு வரி சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்க. மூன்று நகல் வைங்க; அதில் ஒன்று உங்க வீட்டில் இருக்கக் கூடாது. ஒன்று ஒரு நூலகத்திலோ, உங்களைவிட வயதில் சின்ன ஒருத்தர் கையிலோ இருக்கட்டும்.

நானும் அந்த ஃபோல்டரோடு உட்கார்ந்திருக்கேன். நண்பர்களைக் கூப்பிட்டு வைத்து, நிழல் விழுந்த திசையைப் பார்த்து, ஒவ்வொரு படமாகச் சுவரை அடையாளம் கண்டுபிடிக்கிறோம். இதுவரைக்கும் 140 முடிந்திருக்கிறது. மிச்சம் முடிந்ததும் அந்த மாணவிக்கு அனுப்பிட்டு உங்களுக்கும் சொல்றேன்.