பணிவும் உரிமையும்



தருமபுரியில் நான் பள்ளியில் பயின்ற நாளில், ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுதக் கற்றது விடுப்புக் கடிதமே. 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று அது தொடங்கும். 'பெக்' என்னும் சொல்லுக்குப் பிச்சை கேட்டல் என்று அகராதி பொருள் கூறிற்று. இரண்டு நாள் காய்ச்சலுக்காக நான் ஏன் பிச்சை கேட்கவேண்டும்? காய்ச்சலினும் இக்கேள்வியே என்னை மிகுதியும் வருத்திற்று. அதற்கு விடையைப் பின்னாளில் வரலாற்றிலேதான் கண்டேன்.

1965இல் தனி மாவட்டமாவதற்கு முன் தருமபுரி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னர் பாராமகால் சீமையின் பகுதி. அச்சீமையை 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அங்கு நிலவரியை ஒழுங்குசெய்ய அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணிபுரிந்தார். இடையில் ஜமீன்தார் எவருமின்றி, உழவரிடமே நேராக வரி தண்டும் ரயத்துவாரி முறை இங்கே உருப்பெற்றது.

இதனால் நேர்ந்தது என்ன? மழை பொய்த்தாலும், வரி மிகுந்தாலும், உழவன் தன் குறையைச் சர்க்காரிடமே முறையிட வேண்டியவனானான். அவன் பேச்சோ தமிழ், தெலுங்கு, கன்னடம். மேலிடத்தின் எழுத்தோ ஆங்கிலம். ஆகவே, ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்கும் முறை நம்மவர்க்கு வாழ்க்கைத் தேவையாயிற்று.

அக்கால ஆங்கில அதிகாரிகள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களும், 'தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்' என்றே முடிவது வழக்கம். மேலதிகாரி கீழதிகாரிக்கு எழுதும்போதும் அவ்வாறே. அது கடித மரபேயன்றி அடிமைச் சாசனம் அன்று. என்னை வருத்திய 'பெக்' என்பதும் அத்தகையதே.

இம்மரபை நன்கறிந்து கையாண்டவர்கள் சென்னையில் இருந்தனர். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோரின் சென்னைவாசிகள் சங்கம், 1852இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பிற்று. பாராளுமன்றத்துக்கு எழுதும் மனு பணிவான நடையில் அமைதல் ஆங்கிலேயர்க்கும் உரிய விதி. ஆயின், அந்த மனுவினுள் இருந்த செய்தி நெருப்புப் போன்றது. வரி தண்டுவதற்காக உழவர்கள் சித்திரவதை செய்யப்படுகின்றனர் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. 1854இல் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. சொல் தாழ்ந்தது, கோரிக்கை தாழவில்லை.

இன்று நீங்கள் 'பெக்' என்று எழுதவேண்டுவதில்லை. ஆயினும், பணிவு ஆங்கிலத்தில் எங்கே உறைகின்றது என்பதை அறிதல் வேண்டும். 'புத்தகத்தைத் தாருங்கள்' என்னும்போது, நம் மரியாதை 'உங்கள்' என்னும் ஈற்றிலே அமைந்துவிடுகின்றது. ஆங்கில ஏவல்வினைக்கு அத்தகைய ஈறு இல்லை. அதனோடு 'பிளீஸ்' சேர்த்தாலும் ஏவலின் சாயல் முற்றும் நீங்குவதில்லை. ஆகையால் அவர்கள் ஏவலைக் கேள்வியாக்கி, 'குட் யூ', 'வுட் யூ' என்று தொடங்குவர். தர இயலுமா என்று வினவுவது, இயலாது எனச் சொல்லும் உரிமையையும் பிறர்க்கு அளிப்பதாகும். அவ்வுரிமையை மதிப்பதே பணிவு.

திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு காத்திருப்போரைக் காணும்போதெல்லாம் என் பழைய விடுப்புக் கடிதம் நினைவுக்கு வருகின்றது. நண்பர்களே, எம்மொழியில் கேட்டாலும் பணிவாகக் கேளுங்கள். ஆனால் பிச்சையாக அன்று, உரிமையாகக் கேளுங்கள்.