சுவாமி வெள்ளி

சுவாமி வெள்ளி என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் பெயர்பெற்ற, தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் வெள்ளிப் பாத்திர வகை. தேநீர்க் கெண்டியும் சர்க்கரைக் கிண்ணமும் ஐரோப்பிய மேசைக்கானவை. அவற்றின் மேல் அணிவகுப்பவையோ கோயில் சிற்பங்களில் காணும் தெய்வங்கள். மவுண்ட் ரோடு பி.ஆர் அண்டு சன்ஸ் இதில் புகழ்பெற்ற நிறுவனம். 1875–76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பரிசுகளிலும் சுவாமி வேலை இருந்தது. 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகம் ஆங்கிலேயர் கால இந்திய வெள்ளிக்கென ஒரு கண்காட்சியே நடத்தியது.

சுவாமி வெள்ளிக்கு எடைக்கு மேல் கிடைக்கும் மதிப்பு உலோகத்தால் வந்ததன்று. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்னும் ஸ்டெர்லிங் தரத்தை இங்கிலாந்து 1300இலேயே சட்டமாக்கி முத்திரையிட்டது. அந்நாள் சென்னையில் அப்படிப்பட்ட அரசு முத்திரை முறை இருக்கவில்லை. பாத்திரத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் செய்தவர் பெயர் மட்டுமே. ஆகவே அறிந்தவர்கள் உட்புறத்தைப் பார்க்கிறார்கள். தகட்டை உள்ளிருந்து தட்டிப் புடைத்து, அரக்கு நிரப்பி, வெளியிலிருந்து சிற்றுளியால் கிரீடமும் ஆயுதமும் தீர்த்த பாத்திரத்தில், வெளியே மேடான இடம் உள்ளே குழிந்திருக்கும். வார்த்து ஒட்டிய உருவத்தில் அந்தக் குழிவு இராது.

பழமையும் அருமையும்தான் விலையை ஏற்றுகின்றன என்பர் சிலர். அப்படியானால் அதே வயதுள்ள வேலைப்பாடற்ற கும்பாவுக்கும் அந்த விலை கிடைக்க வேண்டும். ஆனால் வெள்ளிக் கடையில் அதை எடை போட்டு, உருக்குச் சேதாரம் கழித்தே பணம் தருவார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் விற்ற வெள்ளி நகைகளும் எடைக்கே போய், உருக்குலைக்கு இரையாயின. கெண்டியில் தெய்வங்களை வரிசையாக நிறுத்துவது பொருந்தாக் கலப்பு என்பது இன்னொரு குறை. அதில் நியாயம் உண்டு. கழுகுமலை வெட்டுவான்கோயில் விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி தெற்கு நோக்கியே அமர்ந்திருக்கிறார். கெண்டியில் அந்தத் திசை ஒழுங்குக்கு இடமில்லை. ஆனால் இடம் மாறியதால் கைத்திறன் கெட்டுவிடவில்லை. கோயில் வாகனத்துக்கும் கவசத்துக்கும் தகடு அடித்த தொழில்தான் தேநீர் மேசைக்குப் போனது. எடைக்கு மேல் ஒருவர் தரும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கைவேலைக்கான கூலியே.