மலையேறிய உப்பு

"உப்பு நீரிற் கரையும்" என்று மாணவர் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகின்றனர். அந்த ஒரு வரிக்குள் இம்மலையகத்தின் நெடுங்கதையொன்று கிடப்பதை ஆசிரியர்களாகிய நாமும் அவர்களுக்கு எடுத்துரைப்பதில்லை.

புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன் ஆகியவற்றுக்கு வழங்கும் அலசன் என்னும் பெயருக்கே உப்பைப் பிறப்பிப்பது என்பது பொருள். கறியுப்பு 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் கரையும்; நீரைக் கொதிக்கவைத்தாலும் இவ்வளவு பெரிதாகக் கூடுவதில்லை. எனவே, சூடான கரைசலை ஆறவைத்து உப்பைப் பிரித்தெடுக்க முடியாது. நீரையே ஆவியாக்க வேண்டும். அதற்குக் கடலும் வேண்டும், வெயிலும் வேண்டும். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் இரண்டும் உண்டு. மலையில் இரண்டும் இல்லை.

கண்டி இராச்சியத்தின் பலவீனம் இங்கேதான் இருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைப்பட்டது. சிலாபம், புத்தளம் பகுதிகளில் உப்பெடுத்துக்கொள்ளக் கண்டியாருக்கு அனுமதி "வழங்கப்பட்டது". சொந்த நாட்டு உப்புக்கு அந்நியனின் அனுமதி! 1815இல் கண்டி வீழ்ந்த பின்னரும் பூட்டு உடையவில்லை, திறவுகோல்தான் கைமாறியது. ஆங்கிலேய அரசு உப்பைத் தன் ஏகபோகமாகவே வைத்திருந்தது. பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளர் லெனாட் வூல்ப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தபோது, உப்புச் சேகரிப்பை மேற்பார்ப்பதும் அவரது கடமைகளுள் ஒன்றாயிருந்தது.

மதுரை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்குமென வந்த எம் முன்னோர், விட்டுவந்த சென்னை மாகாணத்திலும் உப்பு வரியைக் கண்டவர்களே.

ஆனால் மலை அவர்களிடமிருந்து இன்னொன்றையும் மறைத்திருந்தது. அயடீனின் உப்புகளும் நீரில் எளிதிற் கரைவன. யுகயுகமாய்ப் பெய்த மழை மண்ணின் அயடீனைக் கழுவி, களனியிலும் மகாவலியிலும் கடலுக்கு அனுப்பிவிட்டது. அயடீன் குறைந்தால் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி வீங்கும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். இந்நாட்டின் ஈரவலயத்திற் கழுத்துக் கழலை நெடுங்காலம் பரவியிருந்தமைக்கு இக்குறைபாடு முக்கிய காரணமாயிற்று. அதைச் சாபமென்றும் கர்மமென்றும் கூறியோர் உண்டு. அவர்களைப் பழித்துப் பயனில்லை. வேறு விளக்கம் அவர்களுக்கு யார் அளித்தார்?

கடலுப்பை உண்டால் அயடீன் கிடைக்குமே என மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. உப்பளத்திற் கறியுப்பு படியும்போது அயடீனின் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே அதனைத் தனியே சேர்த்தாக வேண்டும். அயடீன் 1811இல் கண்டறியப்பட்டது. இலங்கையில் உப்புக்கு அயடீனூட்டுவது சட்டப்படி கட்டாயமானதோ 1995இல்! இடையிற் கழிந்தவை 184 ஆண்டுகள்.

உப்பிற் சேர்ப்பதற்கு ஏற்றது பொற்றாசியம் அயடேற்று. அயடைட்டு ஈரக்காற்றிற் சிதைந்தும் கசிந்தும் எளிதில் இழக்கப்படும், அயடேற்று நின்றுபிடிக்கும். எனினும் லயத்து அடுப்படியில், மாதக்கணக்கான மழையின் ஈரத்தில், உப்புச் சட்டி திறந்தே இருக்கிறது. மூடியிட்டு வைக்குமாறு என் மாணவியரிடம் சொல்லியனுப்புகிறேன். "அட்டை கடித்தால் சட்டென்று எடுக்க வேண்டுமே, சேர்" என்கிறார்கள்.